அலமாரி போட்ட பிறகு வந்த வினைகள்: சிறு டிரக் கேம்பருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் இறக்கிக் கட்டுகிற குட்டி வீடுதான் டிரக் கேம்பர். எங்களுடையது கூரை மேலே எழும்பும் பாப்-அப் வகை. ஆறரை அடித் தொட்டி உள்ள, ‘அரை டன்’ என்று வகைப்பெயர் சொல்லும் (தாங்கும் எடை அதுவல்ல) பிக்கப்பில் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் மட்டும்தான் பயணம் போவது. படுக்கை, ஓட்டுநர் அறைக்கு மேலே பரண் போல நீண்டிருக்கும். உள்ளே நிற்கக் கிடைக்கும் தரை ஒரு கோரைப்பாய் அகலம்.

வாங்கிய முதல் மாதமே இடம் போதவில்லை என்று அலமாரி, டிராயர், கொக்கி, உறி என்று மாட்டத் தொடங்கினோம். ஒவ்வொன்றும் கூடவே ஒரு தொல்லையையும் அழைத்து வந்தது. இப்போது அவற்றில் பாதியைக் கழற்றியாகிவிட்டது. எந்தத் தொல்லை எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். முதல் தலைப்பை மட்டும் தாண்டாதீர்கள்.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, ஹெட்லைட் மரத்தின் உச்சியில் அடிக்கிறது

இது அலமாரிக் கோளாறு இல்லை, எடைக் கோளாறு. எதிரே வருகிறவர்கள் ஹை பீம் போட்டு உங்களைத் திட்டுகிறார்கள் என்றாலும் இதுதான் காரணம். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர நேரம் எடுத்துக்கொண்டாலும், பக்கக் காற்றில் தடுமாறினாலும் முதலில் எடையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். விளம்பரத்தில் வந்த எண்ணைப் பார்க்காதீர்கள். அதே மாடல் வண்டியிலேயே சன்ரூஃப், பெரிய எஞ்சின் என்று சேரச் சேர இந்த எண் குறைந்துகொண்டே வரும். எங்கள் கதவில் 744 கிலோ. அதில் கேம்பரின் வெற்று எடை 476. நாங்கள் இரண்டு பேர் 141. இருபது காலன் தண்ணீர் 76. நிரம்பிய கேஸ் சிலிண்டர் 17. கூட்டினால் 710. மிச்சம் 34 கிலோ. பேட்டரி, துணிமணி, அரிசி, பருப்பு, மடக்கு நாற்காலி எல்லாம் அந்த முப்பத்து நான்குக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை நான் போட்டது, 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் அழகாக அலமாரி அடித்து வார்னிஷும் பூசிய பிறகு. நாலுக்கு எட்டு அடித் தாள் ஒன்றே முப்பது கிலோவுக்கு மேல். நான் ஒன்றரைத் தாளை உள்ளே ஏற்றியிருந்தேன். அலமாரி காலியாக இருக்கும்போதே கணக்கு தாண்டிவிட்டது.

உத்தேசக் கணக்கோடு நிற்காமல் எடை போட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற வண்டி எடைமேடை இருக்கும். தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, இருவரும் உட்கார்ந்த நிலையில் முன் அச்சும் பின் அச்சும் தனித்தனி மேடையில் நிற்கும்படி ஏற்றினால் இரண்டு எடைகளும் சீட்டில் வரும். பின் அச்சின் எண்ணைக் கதவுச் சட்டத்தில் இருக்கும் அச்சு வரம்போடு ஒப்பிட வேண்டும். சிறு கேம்பர்களில் முதலில் மீறப்படுவது பெரும்பாலும் அதுதான்.

வரம்பு தாண்டியிருந்தால் செய்ய வேண்டியவை. கனமான பிளைவுட்டைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டோ, அலுமினியச் சட்டத்தில் துணிப் பையோ போதும். வீட்டிலிருந்தே தண்ணீரை முழுக்க நிரப்பிக்கொண்டு போகாமல் பாதித் தொட்டியோடு கிளம்பி, கடைசி ஊரில் நிரப்பிக்கொண்டால் வழி நெடுக 38 கிலோ மிச்சம். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போட்டால் வண்டி நிமிரும், ஹெட்லைட்டும் கீழே இறங்கும். ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஒரு கிலோகூட உயராது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இன்னும் ஏற்ற ஆரம்பித்துவிடுவோம் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

எடை மொத்தத்தில் சரியாக இருந்தும் பின்பக்கம் தாழ்ந்தால், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான கேம்பர்களின் பக்கவாட்டில் எடை மையத்தைக் காட்டும் குறி ஒன்று இருக்கும். அது பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின் பம்பரில் பெட்டி மாட்டுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரிதான்: பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 50 கிலோ பெட்டியைத் தொங்கவிட்டால், இரு அச்சுக்கும் இடையே 3.7 மீட்டர் உள்ள வண்டியில் பின் அச்சின் மேல் ஏறுவது சுமார் 70 கிலோ. முன் அச்சிலிருந்து 20 கிலோ தூக்கப்படுகிறது. ஸ்டியரிங் இலகுவாகிவிட்டது என்று தோன்றினால் சந்தோஷப்பட வேண்டாம்.

ஓடும்போது டிராயர் தானாகத் திறக்கிறது

பூட்டை மாற்றும் முன், எப்போது திறக்கிறது என்று கவனியுங்கள். பிரேக் அடிக்கும்போது திறந்தால் அது முன்னோக்கித் திறக்கும் டிராயர். மேட்டில் ஏறும்போதோ, சிக்னலில் வேகமெடுக்கும்போதோ திறந்தால் பின்னோக்கித் திறப்பது. வளைவில் என்றால் பக்கவாட்டு. சீரான சாலையிலேயே மெல்ல மெல்ல வெளியே வந்தால் காரணம் அதிர்வு.

அதிர்வுக்குக் காந்தப் பிடிப்பு போதாது. அல்வோர்ட் பாலைவனத்துக்குப் போகும் சரளைச் சாலை, துணி துவைக்கும் வரிக்கல் மாதிரி மேடும் பள்ளமுமாக மைல் கணக்கில் ஓடும். எங்கள் காந்தங்கள் அதில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தால் தரை முழுக்க துவரம்பருப்பு. இன்றைக்கும் எங்காவது சந்தில் இரண்டு பருப்பு கிடைக்கிறது.

நாக்கு போய் உட்காரும் தாழ்தான் வேண்டும். அழுத்தினால் குமிழ் வெளியே வந்து, மறுபடி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் படகு வகைப் பூட்டு நல்லது. இரண்டு முனையிலும் பூட்டிக்கொள்ளும் டிராயர் ரெயிலும் கிடைக்கிறது. கனமான டிராயருக்கு அதுவே சரி. ரெயிலை நிறுத்தி மாட்டாமல் படுக்க வைத்து அடியில் மாட்டியிருந்தால் அட்டையில் எழுதிய எடையில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும். டிராயர் தொங்கிப்போய் தாழ் பொருந்தவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

தற்காலிகத் தீர்வு வேண்டுமா? டிராயர் கைப்பிடிகளுக்குள் செங்குத்தாக ஒரு கம்பைச் செருகிவிடுங்கள். நாங்கள் ஒரு வருடம் பழைய துடைப்பக் கம்போடுதான் ஓட்டினோம்.

மாட்டிய அலமாரி சுவரோடு பிய்ந்து வருகிறது

கேம்பர் சுவர் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. உட்பக்கம் மூன்று மில்லிமீட்டர் அளவு மெல்லிய பிளைவுட், நடுவில் நுரைப்பலகை, வெளியே அலுமினியமோ ஃபைபரோ. இடையிடையே சட்டம் ஓடும். சட்டத்தில் ஏறிய திருகுதான் நிற்கும். வெறும் பலகையில் ஏறிய திருகு முதல் குண்டு குழியிலேயே துளையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சட்டம் எங்கே இருக்கிறது? கட்டுமானம் மரச்சட்டமானால் சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்துங்கள். ஆணியோ பின்னோ இருக்கும் இடத்தில் ஒட்டும். அலுமினியச் சட்டத்துக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. குளிர்ந்த இரவு ஒன்று உள்ளே தூங்கி, விடிகாலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். அலுமினியம் வெளிக் குளிரை உள்ளே கடத்துவதால் சட்டம் ஓடும் கோட்டில் மட்டும் பனித்துளி அடர்த்தியாகப் படிந்திருக்கும். பென்சிலால் குறித்துவிடலாம்.

சட்டம் தேவையான இடத்தில் இல்லை என்றால், இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குப் பட்டையை மாட்டி, அலமாரியை அந்தப் பட்டையில் மாட்டுங்கள். துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டதா? அதே துளையில் இன்னும் தடித்த திருகை ஏற்றாதீர்கள். மரச்சட்டமானால் பசை தடவிய மரக்குச்சி அடித்துக் காயவிட்டுப் புதிதாகத் துளையிடலாம். அலுமினியமானால் ரிவெட் நட்டு, அதாவது துளைக்குள் நசுக்கிப் பதித்து அதில் திருகு ஏற்றும் மரை.

துளை போடும் முன் இன்னொன்று. சுவருக்குள் வயர் ஓடுகிறது, சில இடங்களில் தண்ணீர்க் குழாயும். துளைக் கம்பியில் வேண்டிய ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அலமாரி மாட்டிய அன்றே விளக்கு எரியாமல், ஃபியூஸ் போட்டால் மறுபடி போகிறது என்றால் திருகு வயரைக் கடித்திருக்கிறது. கடைசியாக ஏற்றிய திருகிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எது என்று தெரிந்தவுடன் அந்த இடத்து வயரைச் சரிசெய்த பிறகுதான் மின்சாரம்.

திருகே வேண்டாம் என்று ஒட்டும் டேப்புக்குப் போகிறவர்களும் உண்டு. த்ரீஎம் நிறுவனத்தின் விஎச்பி டேப் நன்றாகவே நிற்கும், பொறுமை இருந்தால். அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, ஒரு நாளில் 90 சதவீதம், முழுப் பிடிப்புக்கு மூன்று நாள். பத்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நாளில் ஒட்டக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துவிட்டு ஒட்டுங்கள். டேப் நின்று, அதன் பின்னால் இருந்த வால்பேப்பர் உரிந்து வந்தால் டேப்பைக் குறை சொல்ல முடியாது. பல கேம்பர்களில் உட்சுவர் வெறும் வினைல் தாள்தான். அங்கே இலேசான கொக்கிக்கு மேல் எதையும் ஒட்டாதீர்கள்.

துணி ஈரமாக இருக்கிறது, பூசண வாடை அடிக்கிறது

கூரை ஒழுகுகிறதா, சுவர் வியர்க்கிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். வண்டியைக் கழுவிய பிறகோ, யாரும் தூங்காத மழை நாளிலோ ஈரம் வந்தால் ஒழுகல். கூரை ஓரத் தையல்களையும் ஜன்னல் விளிம்புகளையும் தேட வேண்டும். தூங்கி எழுந்த பிறகு மட்டும் வந்தால் வியர்ப்பு. ஒரிகன் கடற்கரையில் அக்டோபருக்குப் பிறகு எங்களுக்கு நடந்ததெல்லாம் இரண்டாவது வகை.

இடம் சேர்ப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? நாங்கள் வெளிச்சுவரோடு ஒட்டி மூடிய பெட்டிகளை அடித்தோம். முன்பு வெப்பக் காற்று பட்டுக்கொண்டிருந்த சுவர், பெட்டிக்குப் பின்னால் போய்ச் சில்லிட்டது. ஈரக் காற்று மட்டும் சந்துகளில் புகுந்தது. பலகை, துணி, மெத்தையின் அடிப்பக்கம் எல்லாம் கறுத்தன.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்றால் பாதி நம் மூச்சிலிருந்து, மீதி சமையலிலிருந்து. கேஸ் எரிந்தாலே தண்ணீர் பிறக்கிறது: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. அடுப்பில் அது நேரே அறைக்குள்தான் வரும். அதன் மேல் இட்லிப் பானை வேறு வைத்தால் கேட்கவே வேண்டாம். இப்போது கேம்பருக்குள் இட்லி அவிப்பதில்லை என்று சட்டம் போட்டிருக்கிறோம். போட்டது நான், மீறுவதும் நான்தான்.

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள். பெட்டியின் மேலும் கீழும் துளைகள் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துளை இருந்தால் காற்று நகராது. முடிந்தால் பலகைக் கதவுக்குப் பதில் வலைத்துணி. மெத்தைக்கு அடியில் காற்று புகும் வலைப்பின்னல் விரிப்போ, மரச்சட்ட வரிசையோ. அப்புறம் கூரைக் காற்றாடியையும் ஒரு ஜன்னலையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். குளிரில் மனம் வராதுதான். துணியை வெளிச்சுவர்ப் பக்கம் வைக்காமல் படுக்கையின் தலைமாட்டில் உறி மாதிரி வலை கட்டி அதில் போட்டதும் எங்களுக்கு வாடை நின்றது. எடையும் இல்லை.

ஹீட்டர் வந்து வந்து அணைகிறது

சூடான காற்று ஐந்து நிமிடம், பிறகு குளிர்ந்த காற்று, மறுபடி சூடு. தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று ஒரு புதியது வாங்கி மாட்டினேன். காசு போனதுதான் மிச்சம். உண்மையில், இருக்கைக்கு அடியில் நான் புதிதாக நுழைத்த பிளாஸ்டிக் பெட்டிதான், ஹீட்டர் அறைக் காற்றை உறிஞ்சும் ஜாலியை மூடியிருந்தது. காற்று போதாமல் உள்ளே சூடு ஏறினால் பாதுகாப்பு சுவிட்ச் எரிவதை நிறுத்திவிடும். காற்றாடி மட்டும் ஓடும். ஆறியதும் மறுபடி எரியும்.

ஜாலிக்கு முன்னால் கையளவு காலியிடம் விட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் வெப்பக் காற்றுக் குழாயைப் பாருங்கள். அது வளையக்கூடிய குழாய். இருக்கைக்கு அடியில் திணித்த சாமான் அதை நசுக்கியிருக்கும்.

இதே வரிசையில் இன்னும் மூன்று இடங்களைச் சாமான் இல்லாமல் விட வேண்டும். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறை ஒன்று. அதன் அடியில் வெளியே போகும் துளை இருக்கும். புரோப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் அந்தத் துளை வழியாகத்தான் இறங்கும். காலி இடம் இருக்கிறதே என்று அங்கே துணியைத் திணித்தவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு, தரையோரம் இருக்கும் கேஸ் எச்சரிக்கைக் கருவி. மூன்று, ஃப்ரிட்ஜின் காற்றுத் துளைகள். ஃப்ரிட்ஜ் குளிராமல் பேட்டரியை மட்டும் குடிக்கிறது என்றால், பக்கத்தில் எதையாவது செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கூரை எழும்ப மறுக்கிறது, அல்லது முழுதாக மூட மாட்டேன் என்கிறது

பாப்-அப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். எழும்பவில்லை என்றால் கூரை மேல் என்ன ஏற்றினீர்கள்? சோலார் தகடு, பெட்டி, சர்ஃப் பலகை எல்லாம் சேர்ந்து, தூக்க உதவும் கேஸ் ஸ்ட்ரட்டின் (வாயு அடைத்த தண்டு) வலுவைத் தாண்டியிருக்கும். குளிர் நாளில் ஸ்ட்ரட் இன்னும் பலவீனமாகும். கோடையில் சரியாக இருந்து பனியில் மட்டும் கனத்தால் காரணம் அதுதான்.

மூடவில்லை என்றால் அழுத்தாதீர்கள். பரண் படுக்கையில் போர்வை இரண்டு மடிப்பு கூடுதலாக இருக்கும், அல்லது நீங்கள் புதிதாகப் போட்ட அலமாரியின் மூலை இடிக்கும். தெரிந்துகொள்ள எளிய வழி: அலமாரியின் மேல் ஒரு மாவு உருண்டையை வைத்து, கூரையை மெல்ல இறக்கித் திறந்து பாருங்கள். எவ்வளவு நசுங்கியதோ அதுவே கணக்கு. சப்பாத்தி மாவு தாராளம்.

கடகட சத்தம்

சத்தம் கேட்டால் முதலில் வண்டியை நிறுத்தி, கேம்பரைத் தொட்டியோடு இழுத்துக் கட்டியிருக்கும் டர்ன்பக்கிள்களைப் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் மற்ற எல்லாச் சத்தமும் இரண்டாம் பட்சம். கிளம்பிய முதல் மணி நேரத்தில் ஒருமுறை இறுக்குவது வழக்கமாக இருக்கட்டும். அவை சரியாக இருந்தால் பாத்திரம்தான். எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே பழைய துண்டு. முடிந்தது.

இடம் இருக்கிறது, ஆனால் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை

ஆழமான பெட்டிதான் இதற்குக் காரணம். மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பது வராது. டின்னர் சமைக்க ஏலக்காய் வேண்டும் என்றால் ஜாக்கி, கயிறு, மழைக்கோட்டு எல்லாம் வெளியே வர வேண்டும். எங்களுக்கு விடை கொடுத்தது சமையலறையில் சும்மா கிடந்த அஞ்சறைப் பெட்டி. ஏழு கிண்ணம், நடுவே சந்து இல்லை, ஒரே மூடி, குலுக்கினாலும் கலக்காது. மற்ற சாமானையும் அதே மாதிரி பிரித்தோம்: ஒரு வேலைக்கு ஒரு ஆழமில்லாத பெட்டி. காபி போட வேண்டியதெல்லாம் ஒன்றில், இரவு படுக்கத் தேவையானது ஒன்றில்.

தினமும் இரண்டு முறை எடுப்பது இடுப்பு உயரத்தில். பயணத்துக்கு ஒருமுறை எடுப்பது இருக்கைக்கு அடியில். எடுக்காமலே வந்தால் நல்லது என்று நினைப்பது, அதாவது கருவிகள், இழுக்கும் கயிறு, டயர் சாமான், தொட்டிக்குள். இந்தக் கடைசி இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிக்கப் தொட்டியில் சக்கரத்துக்கு மேலே புடைத்த மேடு இருப்பதால், கேம்பரின் அடிப்பகுதி அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். மேட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் காலிச் சந்துகள் விழும். வண்டியை மட்டப்படுத்தும் கட்டைகள், தண்ணீர்க் குழாய், மண்வெட்டி எல்லாம் எங்களுக்கு அங்கேதான். மழைநீர் வரும் இடம் என்பதால் நனைந்தால் கெடுவதை வைக்க முடியாது. கனமானவற்றை முன் சந்தில் வைத்தால் தாழ்வாக, அச்சுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வதால், முதல் தலைப்பின் கடைசியில் சொன்ன பின்பக்கம் தாழும் பிரச்சினைக்கும் அதுவே மருந்து.

மலை ஏறியதும் பாட்டில் ஒழுகுகிறது

கோளாறு இல்லை, காற்றழுத்தம். ஸ்டீன்ஸ் மலை உச்சி ஏறத்தாழ 2,960 மீட்டர். கடல் மட்டத்தில் மூடிய ஷாம்பு, ஊறுகாய், சிப்ஸ் பொட்டலம் எல்லாம் அங்கே போகும்போது உப்பிவிடும். பாட்டிலைப் பாதி வழியில் ஒருமுறை திறந்து மூடினால் போதும். ஊறுகாய் பாட்டிலை மட்டும் எதற்கும் ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள். மாவடு எண்ணெய் மெத்தையில் இறங்கினால் மூன்று துவைப்புக்குப் போகாது.